கல்விக்குப் பொருள் கொடுத்த வணிகர்: ஜமால் முஹம்மது சாகிப்

ஹாஜி எம். ஜமால் முஹம்மது சாகிப் அவர்களின் பெயரைத் திருச்சியிலுள்ள ஒரு கல்லூரியின் பெயராகத்தான் நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். அந்தப் பெயருக்குரியவர் எப்படி வாழ்ந்தார், ஈட்டிய பொருளை எதற்குச் செலவிட்டார் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்வது அவசியம்.

சென்னையில் தோல் வணிகத்தில் சிறந்து விளங்கியவர் அவர். 1931-ல் இந்திய வணிக, தொழில் சபைகளின் கூட்டமைப்பான ஃபிக்கியின் தலைவர் பொறுப்புக்கு வந்தார். அதே ஆண்டு லண்டனில் நடந்த இரண்டாம் வட்டமேஜை மாநாட்டுக்கு, ஜி.டி. பிர்லா, புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸ் ஆகியோருடன் இந்திய வணிகர்களின் சார்பில் சென்றார். காந்தியடிகள் கலந்துகொண்ட மாநாடு அது. நாட்டின் பெரும் தொழிலதிபர்களுக்குச் சமமாகத் தமிழ் முஸ்லிம் ஒருவர் அமர்ந்த காலம் அது.

ஆனால், அவரை நாம் நினைவுகூர வேண்டிய பெரிய காரணம் வேறு. அக்காலத்தில் அமெரிக்கக் கிறிஸ்தவர் ஒருவரின் பொருளுதவியால், சென்னைக் கல்லூரி மாணவர்களுக்குக் கிறிஸ்தவ மார்க்கம் பற்றி அறிஞர்கள் உரையாற்றி வந்தார்கள். இதைக் கண்டு ஜமால் முஹம்மது சாகிப் குறைகூறிக்கொண்டிருக்கவில்லை; எதிர்ப்புக் கூட்டமும் போடவில்லை. நம் மார்க்கத்தையும் இதே தரத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தார். தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தின் வழியாக அறிஞர்களைச் சென்னைக்கு அழைத்தார். செலவையும் ஏற்றார்.

1925-ல் மௌலானா சையித் சுலைமான் நத்வி அவர்கள் வந்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வு குறித்து எட்டு உரைகள் ஆற்றினார்கள். 1927-ல் ஆங்கிலேய முஸ்லிமான மர்மடியூக் பிக்தால் இஸ்லாமியப் பண்பாடு பற்றிப் பேசினார். திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் தந்தவர் அவர்தான். 1929 ஜனவரியில் அல்லாமா இக்பால் வந்தார். அவருடைய சென்னை உரைகள், பிற ஊர்களில் ஆற்றிய உரைகளோடு சேர்ந்து 1930-ல் நூலாயின. இம்மூவரின் உரைகளும் இன்றும் உலகின் பல நாடுகளில் படிக்கப்படுகின்றன. சென்னைத் தோல் வணிகர் ஒருவர் கொடுத்த பொருள் அவற்றுக்குப் பின்னால் இருக்கிறது என்பது, படிப்போரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மத்ரஸாவிலும் கலைக் கல்லூரியிலும் ஓதிப் படித்த நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. மார்க்கக் கல்வி ஒரு பக்கம், உலகக் கல்வி இன்னொரு பக்கம் என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. சென்னை பெரம்பூரில் அவர் குடும்பத்தின் ஜமாலிய்யா அரபிக் கல்லூரி ஆலிம்களை உருவாக்கியது. திருச்சியிலோ, என்.எம். காஜாமியான் ராவுத்தர் அவர்களும் ஜமால் முஹம்மது சாகிப் அவர்களும் நிறுவனர்களாகப் போற்றப்படும் ஜமால் முஹம்மது கல்லூரி 1951-ல் தொடங்கியது. அது அமைந்துள்ள காஜா நகர், காஜாமியான் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சாதி, மத வேறுபாடின்றி ஏழை மாணவர்கள் பல்லாயிரம் பேர் அங்கே பட்டம் பெற்றிருக்கிறார்கள்.

சென்னை - திருச்சி ரயில் பாதையின் நடுவே இருக்கிறது செராமிக் தொழிலுக்குப் பெயர்பெற்ற நம் விருத்தாசலம். வடக்கே போனால் ஜமாலிய்யா, தெற்கே போனால் ஜமால் முஹம்மது கல்லூரி. பிள்ளைகளைச் சேர்க்க எந்தப் பக்கம் வண்டியேறினாலும் அவருடைய கொடை நமக்கு முன்னால் நிற்கிறது.

இன்று நம்மிலும் வசதி படைத்தவர்கள் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். திருமண விருந்துக்கும் மண்டபத்துக்கும் லட்சக்கணக்கில் செலவாகிறது. அதில் ஒரு பங்கை ஒரு மாணவியின் கல்விக் கட்டணத்துக்கோ, மஹல்லா நூலகத்துக்கோ ஒதுக்கினால் என்ன? அவர் விற்ற தோலின் விலையை இன்று யாரும் பேசுவதில்லை. அவர் கொடுத்தது மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஸதகத்துல் ஜாரியா, நிலையான தர்மம் என்று நாம் பயான்களில் சொல்வது இதைத்தான்.

அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, நற்செயல்களை ஏற்று, உயர்ந்த சுவனத்தை வழங்குவானாக. அவர் வழியில் கொடுக்கும் மனத்தை நமக்கும் தருவானாக. ஆமீன்.