தந்தி அலுவலகத்திலிருந்து ஓவியக் கிராமம் வரை



ஓவியம் சோறு போடுமா? எஸ்பிஎம் தேர்வு முடிந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. நான் தஞ்சோங் கிளிங்கில் நீர்வண்ண ஓவியம் பழகத் தொடங்கியபோது என்னிடமும் கேட்டார்கள். அப்போது எனக்குத் துணையாக இருந்தது ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் வாழ்க்கை.

பணிக்கர் 1911ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தார். சிறுவயதில் கேரளத்தில் அவர் கண்ட தென்னந்தோப்புகளும் நீர்நிலைகளும் மனத்தில் பதிந்தன. 12 வயதிலேயே இயற்கைக் காட்சிகளை வரையத் தொடங்கினார். 17 வயதில் அவருடைய படங்கள் சென்னைக் கண்காட்சியில் இடம்பெற்றன.

ஆனால், தந்தையார் மறைந்ததும் குடும்பப் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். வேலைக்குப் போனாலும் தூரிகையை அவர் கீழே வைக்கவில்லை. 1936இல், 25ஆம் வயதில், சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அங்கே முதல்வராக இருந்தவர் புகழ்பெற்ற சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி.

பணிக்கரின் தொடக்ககாலப் படங்களில் நீரும் தென்னையும் பசுமையும் நிறைந்திருக்கும். நீர்வண்ணத்தில் ஆற்றை வரைவது எவ்வளவு கடினம் என்பதை மலாக்கா ஆற்றங்கரையில் அமர்ந்து பழகும்போதுதான் உணர்ந்தேன். இந்த முறையில் பொதுவாக வெள்ளை வண்ணம் பூசுவதில்லை. நீரில் மின்னும் ஒளிக்குத் தாளின் வெண்மையையே விட்டுவைக்க வேண்டும். எனவே, எந்த இடத்தைத் தொடக்கூடாது என்பதை முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும். வெளிர் நிறத்தில் தொடங்கி, படிப்படியாக அடர்நிறத்துக்குப் போக வேண்டும். ஈரம் காயுமுன் அடுத்த நிறத்தை வைத்தால் இரண்டும் கலந்து கரையோர நிழல் மென்மையாகப் படியும். காய்ந்தபின் வைத்தால் விளிம்பு கூர்மையாக நிற்கும். பொறுமையும் துணிவும் ஒருசேர வேண்டிய கலை இது.

இவ்வளவு பாடுபட்டுக் கற்ற பாணியோடு பணிக்கர் நின்றுவிடவில்லை. 1944இல் நண்பர்களுடன் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1957இல், தாம் படித்த பள்ளிக்கே முதல்வரானார். 1960களில் எழுத்துகள், கணிதக் குறிகள், ஜாதகக் கட்டங்கள் போன்றவற்றைக் கொண்டு புதிய பாணியில் வரைந்தார்.

தம் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் பிழைப்புக்காகக் கலையைக் கைவிடுவது அவரை வாட்டியது. தாமும் அந்த நெருக்கடியை அனுபவித்தவர் அல்லவா? ஓவியர்களை ஒன்றுசேர்த்து, நமக்கு நன்கு தெரிந்த பாத்தேக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்க வழிசெய்தார். அந்த வருமானத்தைக் கொண்டு நிலம் வாங்கி, 1966இல் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். கைவினை வயிற்றைக் காத்தது; ஓவியம் சுதந்திரமாக வளர்ந்தது. பணிக்கர் 1977இல் மறைந்தார். அக்கிராமம் இன்றும் இயங்கிவருகிறது.

மாணவர்களே, வேலையா கலையா என்று ஒன்றைத் தள்ளிவிட வேண்டிய கட்டாயமில்லை. குடும்பக் கடமையைச் செய்துகொண்டே கலையைக் காத்தவர் பணிக்கர். பிறகு மற்றவர்களுக்கும் வழி அமைத்தார். உங்களுக்கு ஓவியத்தில் நாட்டமிருந்தால் வாரத்தில் 2 மணி நேரத்தையாவது அதற்கென ஒதுக்குங்கள். ஒரு தூரிகை, சில வண்ணங்கள், தடித்த தாள் போதும். ஆறு நம் ஊர்ப்பக்கமே ஓடுகிறது.