ஏழைகளுக்காகக் கணக்குப் பார்த்த மேதை



ஏழைகளுக்கு உதவ வேண்டும் என்பதை நாம் யாவரும் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால், ஒரு நகரம் முழுவதிலும் உள்ள ஏழைகளைப் பராமரிக்கத் தேவையான பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டால் பதில் சொல்லத் தயங்குகிறோம். புனித வின்சென்ட் தே பவுல் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே இக்கேள்விக்குத் தெளிவான பதில் எழுதினார் பொதுநிலையினர் ஒருவர். அவர்தான் மனிதநேய அறிஞர் ஹுவான் லூயிஸ் விவெஸ்.

ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரில் 1493-ஆம் ஆண்டு பிறந்தார் விவெஸ். யூத மதத்திலிருந்து கிறிஸ்தவ மறையைத் தழுவிய குடும்பம் அவருடையது. 1509-இல் கல்வி கற்கப் பாரிசுக்குச் சென்ற அவர், பின்னர் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகரில் குடியேறினார். அறிஞர் எராஸ்முசின் நண்பரானார். அவரது வேண்டுகோளுக்கிணங்க, புனித அகுஸ்தினாரின் 'கடவுளின் நகரம்' என்னும் நூலுக்கு விளக்கவுரை எழுதி 1522-இல் வெளியிட்டார். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்.

புகழ் வந்த அதே காலத்தில் பேரிடியும் வந்தது. யூத வழக்கங்களை மறைவாகக் கடைப்பிடித்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில், 1524-இல் அவருடைய தந்தை ஸ்பெயினின் சமய விசாரணை அமைப்பால் எரித்துக் கொல்லப்பட்டார். என்றோ இறந்துபோன தாயின் எலும்புகளும் சில ஆண்டுகளுக்குப் பின் தோண்டியெடுத்து எரிக்கப்பட்டன. திருச்சபையின் பெயரால் இவ்வளவு பெரிய காயம் அடைந்தவர் கசப்போடு விலகிப் போயிருக்கலாம். விவெஸ் அவ்வாறு செய்யவில்லை. தந்தை கொல்லப்பட்ட இரண்டே ஆண்டுகளில், 1526-இல், தமக்கு அடைக்கலம் தந்த புரூஜ் நகர மன்றத்துக்கு 'ஏழைகளுக்கு உதவுதல்' பற்றிய நூல் ஒன்றைக் காணிக்கையாக்கினார்.

அப்போது புரூஜ் தன் பழைய செழிப்பை இழந்துகொண்டிருந்தது. கடலுக்குச் செல்லும் நீர்வழி மணலால் தூர்ந்துபோக, வணிகம் ஆண்ட்வெர்ப் நகருக்கு இடம்பெயர்ந்திருந்தது. கோவில் வாசல்களில் பிச்சை கேட்போர் கூட்டம். விவெஸ் சொன்ன வழி இதுதான்: மன்ற உறுப்பினர் இருவர் ஓர் எழுத்தருடன் ஒவ்வொரு மருத்துவ இல்லத்துக்கும் சென்று கணக்கு எடுக்கட்டும். பங்குதோறும் ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று தேவைகளைக் குறிக்கட்டும். உடல் வலிமை உள்ளவருக்குத் தொழில் கற்றுத்தரட்டும். கைவிடப்பட்ட குழந்தைகளுக்குப் பள்ளி அமையட்டும். கேட்க வெட்கப்படுவோருக்கு மறைவாக உதவி சேரட்டும். சூதாடிச் சொத்தை அழித்தவரையும் பட்டினி போடலாகாது. போரால் துரத்தப்பட்டு வரும் வெளியூராரைச் சொந்த ஊராராகவே நடத்த வேண்டும். தாமே அந்நியராக வந்து குடியேறியவர் அல்லவா அவர்!

இதற்குப் பணம்? மருத்துவ இல்லங்களின் வருமானத்தை நேர்மையாக நிர்வகித்தாலே பெரும்பகுதி கிடைத்துவிடும் என்றார். மிகுதியுள்ள இல்லம் குறைவுள்ள இல்லத்துக்குக் கொடுக்க வேண்டும். இறப்போர் அடக்கச் சடங்கின் ஆடம்பரத்தைக் குறைத்து ஏழைகளுக்கு எழுதி வைக்கலாம். முக்கியக் கோவில்களில் உண்டியல் வைக்கலாம். விருந்துக்கும் விழாவுக்கும் பரிசுகளுக்கும் நகரம் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கலாம்; கொடுக்க மனமில்லையேல் கடனாகவேனும் தரலாம். சேரும் பணத்தைக் குவித்து வைக்கக்கூடாது என்றும், பக்தியின் பெயரால் குருக்கள் அதைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளக்கூடாது என்றும் எச்சரித்தார். குருக்களாகிய நாம் இவ்வரியைத் தாண்டிப் போக முடியாது.

எதிர்ப்பு எழாமல் இல்லை. பிச்சையெடுப்பதைத் தடுப்பதும், உதவியை நகர மன்றத்திடம் ஒப்படைப்பதும் லூத்தரின் கொள்கை என்று தூர்னே மறைமாவட்டத்தின் துணை ஆயர் சாடினார். புரூஜ் மன்றமும் உடனே திட்டத்தைச் செயல்படுத்தவில்லை. ஆனால், அருகிலிருந்த ஈப்பர் நகரம் 1525-லேயே இதுபோன்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தது. வழக்கு பாரிசு இறையியலாளரிடம் சென்றது. 1531-இல் அவர்கள் அதனை நல்ல திட்டம் என ஏற்றனர். ஆனால் போதிய உதவி கிடைக்காத ஏழை பிச்சை கேட்பதைத் தடை செய்யலாகாது, திருச்சபையின் சொத்துக்களைப் பறிக்கலாகாது என நிபந்தனைகளும் விதித்தனர். இரு தரப்பிலும் நியாயம் இருந்ததை நாம் காண்கிறோம். பொதுநிதி ஏழைக்கு உறுதியான உதவி தருகிறது. ஆனால் பட்டியலில் இடம்பெறாத ஏழையை அது எளிதில் மறந்துவிடுகிறது.

விவெசின் இறுதிக்காலம் எளிதாக இல்லை. அரசி கேத்தரினின் திருமண வழக்கால் 1528-இல் இங்கிலாந்தில் காவலில் வைக்கப்பட்டார். அரசர், அரசி இருவரின் உதவித்தொகையையும் இழந்தார். நோயும் பணமுடையும் வாட்ட, 1540 மே 6 அன்று புரூஜ் நகரில் இறந்தார்.

அன்பார்ந்தவர்களே, நம் பங்கின் ஆண்டுக் கணக்கை அடுத்த முறை வாசிக்கும்போது, திருவிழாவுக்கு எவ்வளவு, ஏழைகளுக்கு எவ்வளவு என்று இரண்டு வரிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். நம் நகராட்சியின் வரவுசெலவிலும் அதையே கேட்போம். வரி செலுத்தும் குடிமக்களாக அப்படிக் கேட்பதும் பிறரன்புப் பணியே.