அருணகிரிநாதரும் பழக்கத்தின் வலிமையும்

ஒரு காரியத்தை முதன்முறை செய்யும்போது மனிதனே அதற்கு எஜமானன். நூறு முறை செய்தபின் அக்காரியமே அவனுக்கு எஜமானனாகிவிடுகிறது. இவ்வுண்மைக்கு அருணகிரிநாதரின் சரித்திரத்தினும் தெளிவான உதாரணம் காண்பது அரிது.

திருவண்ணாமலையில் வாழ்ந்த இம்மகான், தம் பாடலில் பிரபுடதேவ மன்னனைக் குறிப்பிடுவதால், 15-ஆம் நூற்றாண்டினர் என்பது அறிஞர் துணிபு. இளமையிற் பரத்தையர் கூட்டுறவால் கைப்பொருளனைத்தையும் இழந்தார். தமக்கையாரின் பொருளையும் கரைத்தார். பிணியும் வறுமையும் வாட்ட, கோபுரத்தினின்றும் வீழ்ந்தவரை முருகப் பெருமான் தாங்கிக் காத்தனன் என்று கர்ண பரம்பரை கூறும். பாடல்களிற் காணும் சுயநிந்தனையிலிருந்து எழுந்த கதையே இது என்பாரும் உளர். எவ்வாறாயினும், தீய பழக்கம் சிறுகச் சிறுகப் பற்றி முழு மனிதனையும் விழுங்கும் விதத்தை அப்பாடல்களைப்போல் விளக்குவன சிலவே.

ஓர் இரவில் அருள் பெற்றார், அத்துடன் காரியம் முடிந்தது என்று எண்ணலாகாது. அதன்பின் அவர் ஸ்தலம் ஸ்தலமாக நடந்தார், சென்றவிடமெல்லாம் பாடினார். இன்று கிடைக்கும் திருப்புகழ்ப் பாக்கள் மட்டுமே ஏறக்குறைய 1,300. கந்தரலங்காரமும் கந்தரனுபூதியும் வேறு. சிக்கலான சந்தங்கள் அவர் நாவில் எளிதாய் நடமாடுவது இடைவிடாத அப்பியாசத்தின் பயனன்றி வேறென்ன?

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லக்கோட்டையும் அவர் பாடிய பதியே. திருப்போரூரில் தங்கியிருந்தவர் மறுநாள் திருத்தணிகைக்குச் செல்ல நினைந்தபோது, கோட்டையை மறந்தனையோ என்று முருகன் கனவில் உணர்த்தினான் என்பது தல வரலாறு. நற்பழக்கம் முதிர்ந்தோர்க்கும் விழிப்பு வேண்டும் என்பதே இதன் உட்பொருளாக நமக்குப் படுகிறது.

ஏட்டுச் சுவடிகளிற் சிதறிக் கிடந்த அப்பாக்களை ஊரூராய்த் தேடித் திரட்டி, 1894-இல் முதற் பாகத்தை அச்சேற்றியவர் வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை. முனிசீப் உத்தியோகத்தின் இடையே பல்லாண்டு விடாது செய்த முயற்சியும் ஒரு பழக்கத்தின் வெற்றியே.

இன்று வல்லக்கோட்டையைச் சூழ்ந்து, ஒரகடம் வரையில் யந்திரசாலைகள் எழுந்துள்ளன. ஆயிரக்கணக்கான வாலிபர்கள் வீட்டை விட்டு வந்து, முதன்முறையாகத் தம் கையில் ஊதியம் பெறுகின்றனர். சம்பள நாளன்று மதுக்கடைக்குச் செல்லும் கால், சில மாதங்களில் தானே அவ்வழி திரும்பும். அதே நாளில் வீட்டிற்குப் பணம் அனுப்பி, இரவில் ஒரு நாழிகை நூல் பயிலும் கையும் அவ்வாறே பழகும். அருணகிரியார் இரு வழிகளையும் கண்டவர் என்கிறது மரபு. தேசத்தின் செல்வமாகிய நம் இளைஞர் எவ்வழியிற் பழகுவர் என்பது, இன்று அவர்கள் செய்யும் முதற் செயலைப் பொறுத்தது.