வில்லியம் ஃபார்: இறப்புப் பதிவேட்டைக் கொண்டு இன்ஃப்ளூயன்சாவை அளந்தவர்

இன்ஃப்ளூயன்சா பெருந்தொற்றைப் பற்றிய அறிக்கைகளில் இருவகை எண்ணிக்கைகளை நீங்கள் காணலாம். ஒன்று, அந்நோயால் இறந்ததாகச் சான்றளிக்கப்பட்டோரின் எண்ணிக்கை. மற்றொன்று மிகை இறப்பு. அதாவது, அப்பருவத்தில் வழக்கமாக எதிர்பார்க்கப்படும் அளவைக் காட்டிலும் கூடுதலாக நிகழ்ந்த இறப்புகள். பெரும்பாலும் இரண்டாவது எண்ணே பெரிதாக இருக்கும். அவ்வேறுபாடு ஏன் எழுகிறது என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டியவர் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஃபார்.

இளமையும் கல்வியும்

ஃபார் 1807ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், ஷ்ராப்ஷயர் மாவட்டத்தின் கென்லி என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். அப்பகுதியின் நிலக்கிழாரான ஜோசப் பிரைஸ் அவரை ஆதரித்து வளர்த்தார். 1828இல் பிரைஸ் மறைந்தபோது விட்டுச்சென்ற 500 பவுண்டு, ஃபாரின் மருத்துவப் படிப்புக்குத் துணையாயிற்று. அவர் பாரிஸிலும் லண்டனிலும் பயின்றார். பாரிஸில் அக்காலத்தில் பியேர் லூயி போன்ற மருத்துவர்கள், நோயாளிகளை எண்ணிக் கணக்கிட்டே சிகிச்சையின் பயனை அளந்துவந்தனர். அவ்வழக்கம் ஃபாரின் வாழ்நாள் முழுவதும் உடன்வந்தது.

பதிவேட்டின் பொறுப்பில்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவை அரசால் பதிவுசெய்யப்பட்டன. அதே ஆண்டில் ஃபாரின் முதல் மனைவி காசநோயால் இறந்தார். 1839இல் பொதுப் பதிவு அலுவலகத்தில் தொகுப்பாளராக நியமனம் பெற்ற ஃபார், ஏறத்தாழ 40 ஆண்டுகள் அங்கே பணியாற்றினார்.

தொடக்கத்தில் ஒரே நோய் பல பெயர்களால் பதிவாகிவந்தது. பெயர் ஒன்றாக இல்லாவிடில், ஓர் ஊரின் கணக்கை மற்றோர் ஊரின் கணக்கோடு ஒப்பிட இயலாது. எனவே, இறப்புக் காரணங்களை முறையாக வகைப்படுத்தும் பட்டியலை ஃபார் உருவாக்கினார். இன்று உலகெங்கும் பயன்படும் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் வேர்களுள் அப்பட்டியலும் ஒன்று. லண்டனின் இறப்புகள் வாரந்தோறும் தொகுத்து வெளியிடப்பட்டதால், நோயின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் அது நிகழும்போதே காண முடிந்தது.

1847ஆம் ஆண்டின் குளிர்காலம்

அவ்வாண்டின் இறுதி வாரங்களில், 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த லண்டனில் இன்ஃப்ளூயன்சா பரவியது. பதிவேட்டில் அந்நோயின் பெயரால் குறிக்கப்பட்ட இறப்புகளோடு ஃபார் நின்றுவிடவில்லை. எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த இறப்புகளைக் கூட்டி, அப்பருவத்துக்குரிய வழக்கமான எண்ணிக்கையை அதிலிருந்து கழித்தார். எஞ்சியவை 5,000க்கும் மேற்பட்ட உயிர்கள்.

அவற்றுள் பெரும்பகுதி நிமோனியா, மூச்சுக்குழாய் அழற்சி, ஆஸ்துமா முதலிய பெயர்களில் பதிவாகியிருந்தது. இன்ஃப்ளூயன்சா பலரைப் பிற நோய்களின் வழியாகக் கொல்கிறது என்பது இதனால் புலப்பட்டது. வயதுவாரியாகப் பார்த்தபோது, முதியோரிடையே இறப்பு மிகக் கடுமையாக உயர்ந்திருந்ததும் தெரியவந்தது.

இக்கணக்கு இல்லாதிருந்தால், அந்நோய் உண்மையில் பறித்த உயிர்களுள் பெரும்பாலானவை வழக்கமான குளிர்கால இறப்புகளாகவே கருதப்பட்டிருக்கும். நோயின் கடுமை குறைவாக மதிப்பிடப்படும்போது, பாதுகாப்பு மிகுதியாகத் தேவைப்படுவோர் யார் என்பதும் மறைந்துபோகிறது.

எண்களுக்கு முன் கொள்கை

காலரா அசுத்தக் காற்றால் பரவுகிறது என்னும் அக்கால நம்பிக்கையை ஃபாரும் கொண்டிருந்தார். ஆயினும், குடிநீரே காரணம் என்று வாதிட்ட ஜான் ஸ்னோவின் ஆய்வுக்குத் தேவையான இறப்புத் தரவுகளை வழங்கினார். 1866இல் கிழக்கு லண்டனில் காலரா பரவியபோது, இறப்புகள் குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் குடிநீர் சென்ற பகுதிகளில் செறிந்திருப்பதைத் தம் கணக்கிலேயே கண்டு, குடிநீரின் பங்கை ஏற்றுக்கொண்டார். தரவுகள் தம் கொள்கைக்கு மாறாக அமைந்தபோது அவர் கொள்கையையே மாற்றிக்கொண்டார்.

1883 ஏப்ரல் 14 அன்று ஃபார் மறைந்தார்.

இம்முறை இன்று

1963இல் அமெரிக்காவின் ராபர்ட் சர்ஃப்லிங், பருவந்தோறும் எதிர்பார்க்கப்படும் இறப்பைக் கணிக்கும் புள்ளியியல் முறையை வகுத்தார். இன்ஃப்ளூயன்சாவின் கடுமையை மதிப்பிட அது பரவலாகப் பயன்படுகிறது. கோவிட்-19 பெருந்தொற்றின் இறப்புகளை மதிப்பிடவும் மிகை இறப்புக் கணக்கே பல நாடுகளில் கையாளப்பட்டது.

இத்தகைய கணக்கை நீங்கள் படிக்கும்போது இரண்டை நினைவிற்கொள்ளுங்கள். முதலாவதாக, மிகை இறப்பு எத்தனை பேர் கூடுதலாக இறந்தனர் என்பதையே காட்டும். கடுங்குளிர், வெப்ப அலை போன்ற பிற காரணங்களும் அதில் கலந்திருக்கலாம். இரண்டாவதாக, பதிவாகாத இறப்பு எந்தக் கணக்கிலும் இடம்பெறாது. ஆகவே, உங்கள் குடும்பத்தில் இறப்பு நேரும்போது அதைக் காலந்தாழ்த்தாமல் பதிவுசெய்யுங்கள். காரணம் தெளிவாக எழுதப்பட்டுள்ளதா என்பதையும் உறுதிசெய்யுங்கள். துயரமான அவ்வேளையில் நீங்கள் செய்யும் அப்பதிவு, அடுத்து நோயுறக்கூடிய ஒருவரைக் காக்கப் பயன்படும்.