டார்க் மேட்டர் இருக்கா, இல்லையா? சந்திரசேகர் 1943-ல் போட்ட கணக்கு இன்று சாட்சி ஆனது எப்படி?

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலப் பாதை முழுக்க கூட்டம். அதற்குள் ஒரு சினிமா நட்சத்திரம் நடந்து வருகிறார்னு வெச்சுக்குவோம். அவர் கடந்து போனதும் ஆட்கள் திரும்பி, பின்னாலேயே சேர்ந்து, கையைப் பிடித்து இழுக்கிறார்கள். அவரது நடை தானாகவே மெதுவாகிவிடும்.

விண்வெளியிலும் இதே கதைதான் என்று 1943-ல் கணக்குப் போட்டுக் காட்டியவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். கனமான ஒரு பொருள் நட்சத்திரக் கூட்டத்துக்குள் நகர்ந்தால், அதன் ஈர்ப்பால் பின்பக்கம் நட்சத்திரங்கள் சற்றுக் குவியும். அந்தக் குவியல் அதைப் பின்னுக்கு இழுக்கும். மோதலே இல்லாத இந்த உராய்வுக்குப் பெயர் 'டைனமிக்கல் ஃப்ரிக்‌ஷன்'.

யார் இந்த சந்திரசேகர்?

1910-ல் லாகூரில் பிறந்தவர். சி.வி.ராமன் இவருக்குச் சித்தப்பா. படித்தது சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும். 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே, வெண்குள்ள நட்சத்திரங்களின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு இருப்பதைக் கணக்கிட்டார். சூரியனைப் போல 1.4 மடங்கு என்று நாம் படிப்பது அதைத்தான்.

1935 ஜனவரியில் லண்டன் ராயல் வானியல் கழகத்தில் இதை விளக்கினார். அடுத்துப் பேச வந்த எடிங்டன், எல்லோர் முன்னாலும் கேலி செய்தார். அன்றைய வானியலில் அவர் பெரிய தலை. 24 வயது இளைஞருக்காக அந்தக் கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

சந்திரசேகர் சண்டையை இழுத்துக்கொண்டு போகவில்லை. 1937-ல் அமெரிக்கா போய், சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1939-ல் நட்சத்திர அமைப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதி முடித்துவிட்டு, நட்சத்திரக் கூட்டங்கள் எப்படி நகர்கின்றன என்ற வேறு கேள்விக்கு மாறினார். உராய்வுக் கணக்கு வந்தது அங்கிருந்துதான். 1.4 கணக்குக்கும் சேர்த்து நோபல் கிடைத்தது 1983-ல். ரொம்பவே தாமதம்! 1995-ல் சிகாகோவில் காலமானார்.

டார்க் மேட்டருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

சூரியனைப் புதன் நொடிக்கு 47 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது; தூரத்து நெப்டியூனுக்கு 5 கி.மீ.தான். அப்போ கேலக்ஸியின் வெளிப்பகுதியும் மெதுவாகத்தானே சுற்றணும்? 1970-ல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடாவை அளந்தபோது, அப்படி வேகம் சரியவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத பொருளின் ஈர்ப்புதான் காரணம் என்பது பெரும்பாலான விஞ்ஞானிகளின் பதில். இஸ்ரேலின் மில்க்ரோம் 1983-ல் வேறு பதில் சொன்னார்: எதுவும் ஒளிந்திருக்கவில்லை, முடுக்கம் மிக மிகக் குறையும்போது நியூட்டன் விதியே மாறுகிறது. இதுதான் 'மாண்ட்'.

இங்கேதான் சந்திரசேகர் வருகிறார். டார்க் மேட்டர் நிஜம் என்றால், கேலக்ஸியைச் சுற்றி அது பெருங்கூட்டமாக இருக்கணும். கூட்டம் இருந்தால் உராய்வும் இருக்கணும். பல சுருள் கேலக்ஸிகளின் நடுவே நட்சத்திரங்களாலான நீளமான 'பார்' ஒன்று சுழல்கிறது. உராய்வு இருந்தால் அது போகப்போக வேகம் இழக்கணும்.

பல கேலக்ஸிகளில் அது இன்னும் வேகமாகவே சுழல்கிறது என்று மாண்ட் ஆதரவாளர்கள் காட்டுகிறார்கள். ஆனால் நம் பால்வீதியின் பார் மெதுவாகி வருவதற்குத் தடயம் கிடைத்ததாக 2021-ல் ஓர் ஆய்வு சொன்னது. கேலக்ஸிக் கொத்துகளில் மாண்ட் திணறுவதும் உண்மை. கண்ணுக்குத் தெரியாத பொருள் கொஞ்சம் சேர்க்காமல் அங்கே அதன் கணக்கும் நேராவதில்லை.