வேலைநீக்கமும் சிங்காரவேலரும்

பல்லாண்டு உழைத்தவனை ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்து வெளியே அனுப்பும் அதிகாரம் மானேஜர் ஒருவருக்கு இருக்கலாமா? அவனுக்கு வாய் திறந்து சமாதானம் சொல்லும் உரிமையேனும் உண்டா? தொழிலாளர் உலகின் மூலாதாரமான கேள்வி இது. இக்கேள்விக்காக முதுமையில் சிறை புகுந்தவர் காலஞ்சென்ற ம. சிங்காரவேலு செட்டியார். அவரது சரித்திரத்தை நம் நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

சிங்காரவேலர் 1860-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி சென்னையில் மீனவர் குலத்தில் உதித்தார். ஆங்கிலக் கல்வி பெற்று, சட்டம் பயின்று, சென்னை ஹைகோர்ட்டில் வக்கீலானார். 1921-ல் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, தமது 61-வது வயதில் அத்தொழிலைத் துறந்தார். 1922-ம் ஆண்டு இறுதியில் கயையில் கூடிய காங்கிரஸ் மகாசபையில் தொழிலாளர் சார்பாகப் பேசினார். 1923 மே மாதம் முதல் தேதி சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். இந்நாட்டில் முதன்முதல் நடந்த மே தினம் அதுவே.

அவரது வாழ்க்கையில் பெருஞ் சோதனை 1928-ல் வந்தது. தென்னிந்திய ரெயில்வே கம்பெனியார் தங்கள் தொழிற்சாலைகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோரை நீக்கத் தீர்மானித்தனர். இதற்கு அவர்கள் வகுத்த வழி தொழில் பரீக்ஷை. நெடுங்காலம் இரும்பையும் உளியையும் கையாண்டவர்கள் புதிதாகப் பரீக்ஷைக்கு நிற்க வேண்டுமாம்! பரீக்ஷிப்பவரும் கம்பெனியாரே, தேறாதவரை நீக்குபவரும் அவரே. இதில் நடுநிலை எங்ஙனம் நிற்கும்?

அக்காலச் சட்டமும் தொழிலாளிக்குத் துணை நிற்கவில்லை. வேலை என்பது வெறும் ஒப்பந்தம். நோட்டீஸோ, நோட்டீஸ் காலத்துச் சம்பளமோ கொடுத்துவிட்டால் எஜமானர் காரணம் கூற வேண்டியதில்லை. வழக்காடி வென்றாலும் நஷ்டஈடாகச் சிறு தொகை கிட்டுமேயன்றி, இழந்த வேலை திரும்பாது. வக்கீலாயிருந்த சிங்காரவேலர் இதனை நன்கறிவார். கோர்ட்டில் கிடைக்காத நியாயத்தைத் தொழிலாளர் தங்கள் ஒற்றுமையால்தான் தேட வேண்டியிருந்தது.

1928 ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. சிங்காரவேலரும் வங்காளத்து முகுந்தலால் சர்க்காரும் தொழிலாளர் பக்கம் நின்றனர். ஸர்க்கார் அடக்குமுறையைக் கையாண்டது, தலைவர்கள் கைதாயினர், அம்மாத முடிவுக்குள் வேலைநிறுத்தம் நின்றது. 68 வயதுக் கிழவருக்கு விதிக்கப்பட்ட தண்டனை 10 ஆண்டுச் சிறை! அப்பீலில் அது குறைந்து, 1930-ல் அவர் விடுதலையானார். அதன் பின்னும் அவரது எழுதுகோல் ஓயவில்லை. 1946 பிப்ரவரி 11-ந் தேதி உயிர் நீத்தார்.

அப்போராட்டம் தோற்றதென்பது உண்மை. எனினும், அது எழுப்பிய கேள்வி தோற்கவில்லை. அவர் மறைந்த மறு ஆண்டு, 1947-ல், தொழில் தகராறுச் சட்டம் பிறந்தது. 1953-ல் செய்த திருத்தம், ஆட்குறைப்புக்கு ஒரு மாத நோட்டீஸும், வேலை செய்த ஒவ்வோராண்டுக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டுமென்றது. கடைசியில் சேர்ந்தவரே முதலில் செல்ல வேண்டுமென்றும் பொது விதி வகுத்தது. அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இட்ட கடிவாளம் இது. 1965-ல் தனி ஒருவனின் வேலைநீக்கமும் தொழில் தகராறாகக் கொள்ளப்பட்டது. 1971-ல், தண்டனை நியாயமற்றதாயின் தொழிலாளியைத் திரும்ப வேலையில் அமர்த்தும் அதிகாரம் தொழிலாளர் கோர்ட்டுகளுக்கு விரிந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவனை விசாரியாமல் தண்டிக்கலாகாது என்ற நியதியும் தீர்ப்புகளால் உறுதிப்பட்டது.

இவ்வுரிமைகள் எஜமானர்கள் மனமிரங்கி ஈந்தவையல்ல. முன்னோர் சிறையிருந்து நமக்கு விட்டுச் சென்ற சொத்து இவை. சட்டங்கள் மாற்றி எழுதப்படுந்தோறும் இவற்றுள் எது நிற்கிறது, எது நழுவுகிறது என்று வரி வரியாகப் பார்ப்பது தொழிலாளர் ஊழியர்களின் கடமை. நீக்கப்பட்டவன் தனியே வீடு திரும்பலாகாது. காரணத்தை எழுத்தில் கேட்கவும், விசாரணை கோரவும், காலங்கடத்தாமல் முறையிடவும் சங்கம் அவனுக்குக் கைகொடுக்க வேண்டும். சிங்காரவேலருக்கு நாம் செலுத்தும் மரியாதை அதுவே என்போம்.