விட்டல்பாய் படேலும் அவசரச் சட்டமும்

சர்க்கார் ஒரு காரியத்தைச் செய்ய விரும்புவது அதன் கொள்கை. அக்கொள்கை ஜனங்களின் உடலையும் பொருளையும் கட்டுப்படுத்த வேண்டுமாயின், சட்டமென்னும் வாயிலின் வழியாகவே வந்தாக வேண்டும். சட்டம் பிரஜைகளைக் கட்டுவதுபோலவே சர்க்காரையும் கட்டும். கொள்கையோ சர்க்காரின் மனம் மாறிய அன்றே தானும் மாறிவிடும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் அதிகாரிகளுக்கு மாத்திரமன்று, தேசத் தொண்டர்களுக்கும் உண்டு. அவ்வாயிலில் ஏறக்குறைய ஐந்து வருஷ காலம் காவல் நின்றவர் ஸ்ரீ விட்டல்பாய் படேல்.

குஜராத்தில் பிறந்த இவர் ஸ்ரீ வல்லபாய் படேலின் தமையனார். சீமைக்குச் சென்று பாரிஸ்டராகித் திரும்பிப் பம்பாயில் தொழில் நடத்தினார். கல்வியைக் கட்டாயமாக்க ஸ்ரீ கோகலே 1911-ல் கொண்டுவந்த மசோதாவை இந்திய சர்க்கார் தோற்கடித்திருந்தனர். அதே நோக்கத்துடன் பம்பாய்ச் சட்டசபையில் விட்டல்பாய் கொண்டுவந்த மசோதா 1918-ல் சட்டமாயிற்று. விரும்பும் நகரசபைகள் தத்தம் எல்லையில் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கலாம் என்பது அதன் சாரம். அதுவரை வெறும் கோரிக்கையாயிருந்தது இவர் முயற்சியால் சட்டப் புஸ்தகத்தில் ஏறியது. ஆனால் அனுமதி தரும் சட்டம் வேறு, பள்ளிக்கூடம் கட்டும் பணமும் மனமும் வேறு என்பதை அந்த மாகாணம் பின்னர் அறிந்துகொண்டது.

பின்பு சுயராஜ்யக் கட்சியில் சேர்ந்து இந்தியச் சட்டசபைக்குள் புகுந்தார். 1925 ஆகஸ்டு 22-ல் நடந்த அக்கிராசனர் தேர்தலில் நம் சென்னை ஸ்ரீ ரங்காச்சாரியாரை 58-க்கு 56 என்ற ஓட்டுக் கணக்கில் வென்று, தேர்ந்தெடுக்கப்பெற்ற முதல் இந்திய அக்கிராசனரானார். அன்றே தம் கட்சித் தொடர்பை விட்டார்.

1928-ல் சர்க்கார் பொதுஜன பந்தோபஸ்து மசோதாவைக் கொணர்ந்தனர். பொதுவுடைமைப் பிரசாரம் செய்யும் அந்நிய தேசத்தாரை விசாரணையின்றியே நாடு கடத்தும் அதிகாரத்தை அது கோரியது. செப்டம்பர் 24-ல் ஓட்டுகள் இரு புறமும் 61 என நின்றன. இத்தகைய அசாதாரணச் சட்டம் வேண்டுமென்போர் சபையில் பெரும்பான்மையோரை இணங்கச் செய்ய வேண்டும்; அது இயலாதபோது அக்கிராசனரின் ஓட்டு அக்குறையை நிரப்பலாகாது என்று கருதி, மசோதாவுக்கு எதிராகவே தம் ஓட்டை அளித்தார்.

அடுத்த வருஷம் மசோதா மீண்டும் வந்தது. 1929 மார்ச்சு 20-ல் தொழிற்சங்கத் தலைவர்கள் பலரைப் பிடித்து, மீரத் நகரில் சதி வழக்குத் தொடுத்தனர். வழக்குக்கும் மசோதாவுக்கும் அடிப்படை ஒன்றே. நியாயஸ்தலத்தில் விசாரணையிலிருப்பதைச் சபையில் பேசலாகாது. பேசாமலோ மசோதாவை விவாதிக்க இயலாது. ஆகவே வழக்கையாவது வாபஸ் பெறுக, மசோதாவையாவது ஒத்திவையுங்கள் என்று அக்கிராசனர் வழி காட்டினார். சர்க்கார் இணங்கவில்லை. ஏப்ரல் 8-ல் அவர் தீர்ப்புக் கூற எழுந்த சமயத்தில்தான் பகத்சிங்கும் பதுகேசுவர தத்தரும் வெடிகுண்டு வீசினர். ஏப்ரல் 11-ல் தீர்ப்பு வெளிவந்தது: மசோதா ஒழுங்குக்குப் புறம்பானது.

மசோதா நல்லதா கெட்டதா என்பதைப் பற்றி அத்தீர்ப்பு ஒன்றும் கூறவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். சர்க்காரின் கொள்கையை ஆராய்வது தம் வேலையன்றென அவர் விட்டுவிட்டார். எனினும் ஒன்று சொல்லவேண்டும். விவாதத்தையே தடுக்கும் அதிகாரம் விதிகளில் வெளிப்படையாக இல்லை. தம் பதவிக்கு இயல்பாகவே உள்ள அதிகாரம் என்றே அவர் அதை எடுத்துக்கொண்டார். சட்டத்தின் காவலர் எழுதாத சட்டத்தைத் துணைக்கொண்ட இடம் இது. அதிகாரிகள் இங்கேதான் அவரைத் தாக்கினர். தாக்குதல் முற்றும் ஆதாரமற்றதென்று நாம் சொல்லோம்.

ஆனால் சர்க்கார் தேடிய பரிகாரம் யாது? ஏப்ரல் 13-ல் வைஸிராய் இர்வின் பிரபு தம் கையெழுத்தினாலேயே அம்மசோதாவின் அதிகாரங்களை அவசரச் சட்டமாகப் பிறப்பித்தார். ஆறு மாதம் செல்லுபடியாகும் அச்சட்டத்துக்கு எந்த அங்கத்தினரின் ஓட்டும் தேவைப்படவில்லை. சபை ஏற்காத கொள்கை ஒரே இரவில் சட்டத்தின் சட்டையை மாட்டிக்கொண்டு வீதிக்கு வந்தது. பின்னர் அக்கிராசனர் இவ்வாறு மசோதாக்களைத் தடுக்காதபடி விதிகளும் திருத்தப்பட்டன. அவசரச் சட்டம் இயற்றும் அதிகாரமோ அன்னிய ஆட்சியுடன் மறையவில்லை. 1950-ன் அரசியல் சட்டத்திலும் 123-ம், 213-ம் ஷரத்துகளாக அது இடம்பெற்றது. பார்லிமெண்டு கூடிய ஆறு வாரத்துக்குள் அங்கீகாரம் பெறாவிடின் அது மடியும் என்ற வரம்பு மாத்திரம் சேர்ந்துள்ளது. ஒரே அவசரச் சட்டத்தைச் சபையில் வையாது திரும்பத் திரும்பப் பிறப்பித்து வந்த பீகார் சர்க்காரைச் சுப்ரீம் கோர்ட்டு 1986-ல் கண்டித்தது.

1930 ஏப்ரலில், உப்புச் சத்தியாக்கிரகம் மூண்ட வேளையில், விட்டல்பாய் பதவியைத் துறந்தார். சிறை சென்றார், உடல் குன்றி ஐரோப்பா சேர்ந்தார், 1933 அக்டோபர் 22-ல் ஜினீவாவுக்கு அருகில் காலமானார். இந்தியாவின் அரசியல் முன்னேற்றத்துக்காகச் செலவிடும்படி தம் சொத்தில் பெரும்பகுதியை ஸ்ரீ சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்புவித்து உயில் எழுதியிருந்தார். நோக்கம் தெளிவற்றது, சட்டம் அங்கீகரிக்கும் தருமத்தில் அடங்காதது என்று பம்பாய் ஹைக்கோர்ட்டு அவ்வேற்பாட்டைத் தள்ளிவிட்டது.